கருவி யாருடைய வேலையைக் குறைக்கிறது?

(முதுமை, உடல்நலம், தொழில்நுட்பம் என்னும் பொருளில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



முதுமையில் வரும் உடல்நலச் சிக்கல்களுக்குத் தொழில்நுட்பம் எப்படிக் கைகொடுக்கும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் சமூக மருத்துவம் சொல்லிக்கொடுப்பவள். கருவி செய்யத் தெரியாது. ரோபோ, செயற்கை நுண்ணறிவு, கைக்கடிகாரம் என்று வரிசையாகக் காட்டி உங்களை வியக்கவைக்க என்னால் ஆகாது. அவையும் இந்த உரையில் வரும். ஒவ்வொன்றையும் வாசலில் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்ட பிறகுதான் உள்ளே விடுவேன். நீ வந்ததால் யாருடைய வேலை குறைந்தது? யாருடைய வேலை கூடியது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதியவருக்கென்று செய்யப்படும் எந்தக் கருவியும் வேலையை அடியோடு ஒழிப்பதில்லை. ஒருவர் தோளிலிருந்து எடுத்து இன்னொருவர் தோளில் வைக்கிறது. பயிற்சியும் சம்பளமும் நேரமும் உள்ள ஒருவரிடம் அந்த வேலை போய்ச் சேர்ந்தால் கருவி நிலைக்கிறது. முதியவரிடமே திரும்பி வந்தாலோ, வீட்டு மருமகள் தலையில் விழுந்தாலோ, ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லாத செவிலியர் மேசைக்குப் போனாலோ, ஆறு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடுகிறது. இதை ஐந்து கூறுகளாகச் சொல்ல முயல்கிறேன்.

1. மஞ்சள் பைக்குள் இருக்கும் வேலை

எண்ணிக்கையை விரைவாகச் சொல்லி நகர்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கு 13.6 சதவீதம் என்றும், 2031-இல் 18.2 சதவீதம் என்றும் மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர பிரான்சுக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. நமக்கு அந்த அவகாசம் இல்லை. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020-இல் தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம் 1.4. பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் எண்ணிக்கை பாதியாகிவிட்டது; அந்தப் பாதியிலும் ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில்.

இனி எண்களை விட்டு ஒரு பைக்கு வருவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுக்கும் நாளில் போய் உட்கார்ந்து பாருங்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி மஞ்சள் பையோடு வருவார். அதற்குள் நான்காக மடித்த நோயாளிக் குறிப்பேடு, ஆதார் நகல், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், பெரியாஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே ஒன்று, எந்த வருடத்தது என்று தெரியாத ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு. "போன மாசம் வெள்ளையா வட்டமா குடுத்தீங்க, இந்த மாசம் மஞ்சளா இருக்கே, இது அதுதானா?" என்று கேட்பார். எழுத்துத் தெரியாத அவருக்கு மாத்திரையின் பெயர் என்பது அதன் நிறமும் வடிவமும்தான். கொள்முதல் மாறும்போது நிறமும் மாறுகிறது. அவர் வீட்டில் அரை மணி நேரம் யோசித்து, பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கடைசியில் இரண்டையும் விழுங்கியிருப்பார்.

அந்தப் பாட்டிக்குச் சர்க்கரை இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது. முழங்கால் தேய்ந்திருக்கிறது. ஒரு கண்ணில் புரை. காதும் மந்தம், டோக்கன் எண்ணைக் கூப்பிட்டால் கேட்காது, பக்கத்தில் இருப்பவர்தான் தட்டிச் சொல்ல வேண்டும். இந்த ஐந்துக்கும் நம் மருத்துவத்தில் ஐந்து துறை, ஐந்து நாள், ஐந்து வரிசை. ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கும் அதிகாரி யார் என்றால் அந்தப் பாட்டிதான். அதிகாலையில் எழுந்து, பேருந்து ஏறி, வரிசையில் நின்று, சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, எதை எப்போது விழுங்குவது என்று நினைவு வைத்து, எதைச் சாப்பிடக்கூடாது என்று மருமகளிடம் சண்டை போட்டு, அடுத்த தேதியையும் மறக்காமல் இருப்பது முழுநேர வேலை. சம்பளம் இல்லாத வேலை.

2009-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் கார்ல் மே, விக்டர் மொன்டோரி, பிரான்சஸ் மேர் ஆகிய மூவரும் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். நோயின் சுமை ஒருபுறம் இருக்க, சிகிச்சையே நோயாளி மேல் ஒரு சுமையை ஏற்றுகிறது, நோயாளியின் வாழ்க்கையை ஆகக் குறைவாகக் கலைக்கும் மருத்துவம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதைப் படித்த பிறகு எனக்கு மஞ்சள் பை வேறு மாதிரி தெரியத் தொடங்கியது.

உலக சுகாதார நிறுவனமும் 2015-இல் வெளியிட்ட முதுமை அறிக்கையில் நோய்ப் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்தது. ஒருவருக்கு என்னென்ன நோய் என்பதைக் காட்டிலும், அவர் தாம் விரும்பியதைச் செய்ய முடிகிறதா என்று பார்க்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக வந்த வழிகாட்டுதல் ஆறு திறன்களைச் சோதிக்கச் சொல்கிறது: நினைவாற்றல், நடமாட்டம், ஊட்டம், பார்வை, செவித்திறன், மனநிலை. நம் மருத்துவமனைகள் இந்த ஆறில் எதைத் தவறாமல் அளக்கின்றன? எடையை அளக்கிறோம், சில இடங்களில் பார்வையை. மற்றவற்றை அளப்பதில்லை. ரத்தத்தில் உள்ள சர்க்கரை எவ்வளவு என்று நமக்குத் தெரியும். அந்தப் பாட்டி நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறாரா என்று தெரியாது.

இந்தத் துறையில் தமிழ்நாடு முன்னோடி என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கே மேற்படிப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. எல்லாம் நல்லவை, எல்லாம் சென்னையில். திருவாடானையிலிருந்து கிண்டிக்கு எத்தனை பேருந்து மாற வேண்டும் என்பது நம் கேள்விக்குள் அடங்கும்.

2. கண் பார்க்கும் மையம் சொல்லும் பாடம்

வேலை சரியான தோளுக்குப் போன கதை ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கைகளோடு அவர் அறுவை சிகிச்சை செய்தது பலரும் அறிந்தது. 1992-இல் அவர்களுடைய உற்பத்திப் பிரிவான ஆரோலேப் வந்தது. கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் பொருத்தும் வில்லை அதுவரை இறக்குமதிச் சரக்கு. ஏழைகளுக்கு எட்டாத விலை. மதுரையிலேயே செய்யத் தொடங்கியதும் விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியோடு தடவித் தடவி நடந்த ஒரு தலைமுறை அதற்குப்பின் நம் தெருக்களில் அருகிப்போனது. முதியோர் தொழில்நுட்பம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குட்டி வில்லைதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வில்லையைப் பற்றி அல்ல, 2004-இலிருந்து அவர்கள் சிற்றூர்களில் திறந்துவரும் கண் பார்வை மையங்களைப் பற்றி. முகாம் போட்டால் கூட்டம் வருகிறது. ஆனாலும் கண் சிகிச்சை தேவைப்படுவோரில் சிறுபகுதியினரே முகாமுக்கு வருகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே வருடம் முழுவதும் திறந்திருக்கும் சிறு மையங்களை வைத்தார்கள். உள்ளே மருத்துவர் கிடையாது. கிராமத்துக் குடும்பத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்து இரண்டாண்டு பயிற்சி பெற்ற ஒரு பெண் இருப்பார். அவர் நெற்றியைத் தாங்கியில் வைக்கச் சொல்லிக் கண்ணைப் பார்ப்பார், கண் அழுத்தம் எடுப்பார், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார், எல்லாவற்றையும் கணினியில் பதிவார். அதன்பின் பெரிய மருத்துவமனையில் இருக்கும் கண் மருத்துவர் திரையில் வந்து பதிவைப் பார்த்து, நோயாளியிடமும் நேரில் பேசுவது போல் இரண்டு வார்த்தை பேசுவார். கண்ணாடி வேண்டுமென்றால் அங்கேயே கிடைக்கும். அறுவை வேண்டியவர் மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேனிப் பக்கத்தில் தொலைபேசிக் கம்பி சரியாக இல்லாத அந்தக் காலத்தில், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபை இணைப்பு அமைத்துக் கொடுத்தார்கள்.

வெளியூரிலிருந்து பார்க்க வருபவர்கள் அந்த வைஃபையைத்தான் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அந்தப் பெண்தான் முக்கியம். பாட்டியின் பேருந்துப் பயணம், துணைக்கு வரும் மகனின் ஒருநாள் கூலி இழப்பு, வரிசை, சீட்டு, இவ்வளவும் குறைந்தது எப்படி? அந்த வேலையை ஒரு பெண் தன் தொழிலாக ஏற்றுச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார். கம்பியில்லா இணைப்பு அவர் கைக்கு ஒரு மருத்துவரின் கண்ணைக் கொண்டுவந்து கொடுத்தது. அவர் இல்லாமல் திரையை மட்டும் ஊர்ச்சாவடியில் வைத்திருந்தால் யாரும் அதன் முன் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூனாம்பேட்டில் நடந்த நீரிழிவுத் திட்டமும் இதே சாதி. இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடு ஒரு வேன் 42 கிராமங்களைச் சுற்றியது. உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்து வைத்துக்கொண்டார்கள். சூனாம்பேட்டிலேயே ஒரு மருத்துவமனையும் அமைத்தார்கள். நோயாளிகளில் சென்னைக்கு அனுப்பவேண்டி வந்தவர்கள் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு என்று திட்டத்தை நடத்தியவர்கள் பின்னர் எழுதினார்கள். மற்றவர்களுக்கு மிச்சமான சென்னைப் பயணத்தை எந்த அறிக்கையும் ரூபாயில் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. கணக்கிட்டிருந்தால் செயற்கைக்கோள் வாடகை சில்லறையாகத் தெரிந்திருக்கும்.

3. வீட்டு வாசலுக்கு வந்த ரத்த அழுத்தக் கருவி

2020-இல் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு நம்மைத் தலைகுனிய வைத்தது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதம். மருந்து இலவசம், மருத்துவர் இருக்கிறார், ஆரம்ப சுகாதார நிலையங்களின் வலைப்பின்னல் இந்தியாவுக்கே எடுத்துக்காட்டு. இருந்தும் பத்தில் ஒன்பது பேருக்குக் கட்டுப்படவில்லை. மருந்து இருக்கும் இடத்துக்கும் வாய்க்கும் இடையே உள்ள வேலையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதே எனக்குத் தெரிந்த காரணம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அந்த இடைவெளியில் கைவைத்தது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் தோள்பையில் ரத்த அழுத்தக் கருவியையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். மாத்திரையைக் கையில் கொடுக்கிறார். படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறை மருத்துவரும், வலி தணிப்புச் செவிலியரும் வருகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. இதில் புதிய கருவி எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பழைய கருவி இடம் மாறியது, அவ்வளவுதான்.

பாராட்டிவிட்டேன். இனி குறையையும் சொல்ல உரிமை உண்டு. பாட்டியின் வேலை எங்கே போனது? பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்த, சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் போனது. அவருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை. நிரந்தரப் பணியாளரின் சம்பளம் அல்ல. வீடு வீடாக ஏறி இறங்கியபின் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்ய வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, இரவு வீட்டு வேலை முடிந்தபின் உட்கார்ந்து மறுபடி ஏற்ற வேண்டும். செயலியை வடிவமைத்தவர் அந்த இரவு நேரத்தைத் தன் வரைபடத்தில் குறித்திருக்க வாய்ப்பில்லை. தமிழ்நாட்டு முதியோர் நலனை இன்று தாங்கி நிற்பது இந்தப் பெண்கள் என்றால், அவர்கள் சம்பள உயர்வு பற்றிய பேச்சும் முதியோர் மருத்துவம் பற்றிய பேச்சுதான்.

4. கருவி தோற்ற இடங்கள்

இந்தக் கூறு கொஞ்சம் நீளும். தோல்விகளில்தான் கற்க நிறைய இருக்கிறது.

முதலில் ஜப்பான். மக்கள்தொகையில் கிட்டத்தட்ட 29 சதவீதம் பேர் அறுபத்தைந்தைத் தாண்டிய நாடு. பராமரிப்பு ரோபோக்களுக்கு அரசே பெரும்பணம் செலவிட்ட நாடு. ஜேம்ஸ் ரைட் என்ற மானிடவியலாளர் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் தங்கி ஆராய்ந்து, 2023-இல் புத்தகமாக எழுதினார். படுக்கையிலிருந்து ஆளைத் தூக்க ஒரு ரோபோ. அதை அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போய், துடைத்து, பொருத்தி, கழற்றுவதற்குள் பணியாளருக்குக் கையால் தூக்குவதே எளிதாகப் பட்டது. சில நாளில் ஓரம்கட்டிவிட்டார்கள். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெப்பர் ரோபோ முன்னால் நின்று கையை ஆட்டும்போது, பக்கத்தில் ஒரு பணியாளர் நின்று அதையே செய்து காட்டினால்தான் முதியவர்கள் செய்தார்கள். பாரோ என்ற கடல்நாய்க்குட்டி (சீல்) ரோபோ பொம்மையோடு ஒரு மூதாட்டி பிரியவே மறுத்துவிட, அதைக் கண்காணிப்பதும் பணியாளர் வேலையாயிற்று. மொத்தத்தில் ரோபோக்கள் வேலையைக் கூட்டின என்பது ரைட்டின் முடிவு.

அடுத்தது தாய்லாந்து. விழித்திரைப் படத்தைப் பார்த்து நீரிழிவுப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் கூகுளின் செயற்கை நுண்ணறிவு, ஆய்வகச் சோதனையில் நிபுணர்களுக்கு இணையாக இருந்தது. நம் அரவிந்த் மருத்துவமனையின் படங்களும் அதைப் பயிற்றுவிக்க உதவின. தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட படங்களைத் தரம் போதாது என்று இயந்திரம் தள்ளிவிட்டது. செவிலியர் படம் எடுத்த அறையை முழுதாக இருட்டாக்க முடியவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். படம் தள்ளுபடியான நோயாளி வேறொரு நாள் வேறொரு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதாவது இயந்திரத்தின் சந்தேகத்துக்கு நோயாளி பேருந்துக் கட்டணம் கொடுத்தார். ஒரு திரைச்சீலையின் விலையில் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கல் அது.

மூன்றாவது நம் வீட்டுக் கதை: உயிர்வாழ் சான்று. ஓய்வூதியர் ஆண்டுதோறும் தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். 2014 நவம்பரில் இதற்கு விரல் ரேகை வழி வந்தது. ரேகை இயந்திரத்தின் முன் ஒரு முதியவர் உட்காரும் காட்சியை நீங்கள் ரேஷன் கடையிலாவது பார்த்திருப்பீர்கள். கட்டைவிரலை வைப்பார், சிவப்பு விளக்கு. வேட்டியில் துடைத்துவிட்டு வைப்பார், சிவப்பு. விற்பனையாளர் விரலை அழுத்திப் பிடித்து வைப்பார், மறுபடி சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை. பின்னால் வரிசையில் முனகல் கேட்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வாருங்கள் என்று ஒருவர் யோசனை சொல்வார். ஐம்பது வருடம் செங்கல் தூக்கிய கை, நாற்று நட்ட கை, பீடி சுற்றிய கை. ரேகை தேய்ந்ததற்குக் காரணம் உழைப்பு. வயதானால் தோல் வறண்டு மெலிவது வேறு. கணினியில் வேலை பார்த்த விரலுக்கு ஒரு நொடியில் பச்சை விளக்கு எரிகிறது. உழைத்த விரலைத்தான் இயந்திரம் அடையாளம் தெரியவில்லை என்கிறது.

இந்தக் கதைக்குப் பின்பகுதியும் உண்டு, அதுவும் சொல்லப்பட வேண்டும். 2020-இலிருந்து தபால்காரர் வீட்டுக்கே வந்து சான்று எடுக்கும் ஏற்பாடு வந்தது. 2021-இல் முகத்தைக் காட்டினால் போதும் என்ற வசதியும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்டில், எழுபது வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் 'தாயுமானவர்' திட்டம் தொடங்கியது. வேலை முதியவரிடமிருந்து சம்பளம் வாங்கும் ஒருவருக்கு மாறிய கணமே சிக்கல் பாதியாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கைக்கடிகாரத்தைப் பற்றி மாணவர்கள் கட்டாயம் கேட்பீர்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். கடிகாரம் இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைக் கண்டுபிடித்தால் பக்கவாதத்தைத் தடுக்கலாம் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. டென்மார்க்கில் எழுபது முதல் தொண்ணூறு வயது வரையுள்ள சுமார் ஆறாயிரம் பேரிடம் இதைச் சோதித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் துடிப்பை இடைவிடாமல் பதியும் கருவியைத் தோலுக்கடியிலேயே வைத்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. கருவி வைத்தவர்களில் 32 சதவீதத்தினருக்கு ஒழுங்கின்மை கண்டறியப்பட்டது. வழக்கமான கவனிப்பில் 12 சதவீதம். பக்கவாதம் குறைந்ததா என்றால், உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. நிறையப் பேருக்கு ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை தொடங்கப்பட்டது. மஞ்சள் பையில் இன்னொரு அட்டை. கண்டுபிடிப்பதும் உதவுவதும் வெவ்வேறு காரியங்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி, கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்ட வாய்ப்புண்டு என்று மிஷிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020-இல் காட்டினார்கள். ஆக்சிஜன் உண்மையிலேயே குறைந்திருந்தும் கருவி சரியென்று காட்டிய தவறு, வெள்ளையரைவிடக் கருப்பினத்தவரிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நம் ஊர்த் தோலில் சரிபார்க்காத எந்தக் கருவியையும் நம் பாட்டிக்கு மாட்ட நான் தயங்குவேன்.

5. காதும் குளியலறையும்

கவனிப்பாரற்ற இரண்டு இடங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, காது. லான்செட் இதழ் அமைத்த மறதிநோய் ஆணையம் 2024-இல் பதினான்கு காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் கவனித்தால் உலகில் 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. செவித்திறன் இழப்பு அதில் முன்வரிசையில் இருக்கிறது. பார்வை இழப்பும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2023-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, எழுபது முதல் எண்பத்து நான்கு வயது வரையுள்ளவர்களுக்குக் காதுக் கருவி கொடுத்து மூன்றாண்டு பார்த்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. ஏற்கெனவே மறதிக்கு வாய்ப்பு அதிகமாக இருந்த பிரிவினரிடம் மட்டும் அறிவாற்றல் குறையும் வேகம் 48 சதவீதம் தணிந்தது. இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக மதிப்பீடு. மறதிக்கு மருந்து தேடி உலகம் கோடிகளைக் கொட்டுகிறது. காது நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஆனால் நம் வீடுகளில் காது மிஷின் எங்கே இருக்கிறது? பீரோவில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள். "போட்டா கொய்ங்குனு கத்துது, எல்லார் சத்தமும் சேர்ந்து வருது" என்று கழற்றி வைத்தது. குண்டூசித் தலையளவு பேட்டரி மூடியை நடுங்கும் விரலால் திறக்க முடியவில்லை. காதுக் கருவி என்பது வாங்கிக்கொண்டு வந்துவிடும் பொருள் அல்ல. கேட்கும் திறனுக்கேற்ப அளவு வைத்து, இரண்டு வாரம் கழித்து மாற்றி, மூளை பழகும் வரை மறுபடி மறுபடி சரிசெய்ய வேண்டியது. நம் இலவச முகாம்கள் கருவியைக் கொடுத்துப் புகைப்படம் எடுப்பதோடு முடிகின்றன. அந்த இரண்டாவது, மூன்றாவது சந்திப்பை யார் செய்வது? கண்ணுக்கு ஒரு பெண்ணைப் பயிற்றுவித்தது போல் காதுக்கும் வட்டந்தோறும் ஒருவரைப் பயிற்றுவிக்க முடியாதா?

மற்றொன்று, குளியலறை. உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள், பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அப்பாவுக்கு விழுந்தால் செய்தி அனுப்பும் கடிகாரமும், கூடத்துக்கு ஒரு கேமராவும் வாங்கிக் கொடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கேமராவின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார், மகன் பதறி அழைத்தபோது "நான் என்ன நகைக்கடையா?" என்று கேட்டார். ஆள் விழுந்த பிறகுதான் கடிகாரம் பேசும். விழாமலிருக்கக் கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஒரு இரவு விளக்கு வேண்டும். காலுக்கும் சமநிலைக்கும் உடற்பயிற்சி வேண்டும். 2019-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வில் உடற்பயிற்சி, விழுதலின் விகிதத்தை 23 சதவீதம் குறைத்தது. வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் இதைச் சொல்லிக்கொடுக்க முடியும். படுத்தபின் வருவதற்குப் பதில் படுப்பதற்கு முன்னால் ஒருமுறை வரட்டும் என்பதே என் கோரிக்கை.

அரசுத் தரப்பிலிருந்து வந்திருப்பவர்களிடம் கேட்பது: வீடு தேடி வரும் அந்தத் தோள்பையில் காது சோதிக்கும் எளிய கருவி ஒன்றைச் சேருங்கள். மாத்திரையின் நிறம் மாறினால் முன்கூட்டியே சொல்லும் பொறுப்பை யாருக்காவது கொடுங்கள். பையைத் தூக்கும் பெண்ணுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள்.

மாணவர்களிடம் ஒன்றே ஒன்று. இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு முதியோர் கருவி செய்யப் போகிறேன் என்று பலர் என்னிடம் வருகிறீர்கள். வரைபடம் போடுமுன் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு முழுநாள் வரிசையில் உட்காருங்கள். உங்கள் கருவியைத் தினமும் யார் சார்ஜ் போடுவார், யார் துடைப்பார், கெட்டுப்போனால் யாரை அழைப்பார் என்று மூன்று பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத முடிந்தால் நானே உடன் வருகிறேன்.